தம்பியோட மூச்சு

முதல்லயே சொல்லிடறேன், எல்லாரும் நல்லா இருக்காங்க. பாதி படிச்சுட்டு பதறிப்போய் ஃபோன் பண்ணாத. இங்க ரிங் சத்தம் கேட்டா நர்ஸ் என்னை வராண்டாவுல கொண்டுபோய் விட்டுடுவாங்க.

ரெண்டு மாசமா ஏன்டீ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு திரியறேன்னு கேட்டல்ல, நான் பரீட்சை பயம்னு சொல்லி மழுப்பிட்டேன். நீயும் நம்பின மாதிரி தலையாட்டின. பரீட்சைக்கு நான் என்னைக்குடீ பயந்திருக்கேன்.

எங்கம்மா முழுகாம இருக்கான்னு உனக்குத் தெரியும். நாப்பது தாண்டி வந்த புள்ள. வேற யார்கிட்டயும் நான் சொல்லல, கூச்சமா இருந்துச்சு. ஆனா உனக்கும் தெரியாதது ஒண்ணு இருக்கு. ஆறாவது மாசத்துல ஒரு இனிப்புத் தண்ணியக் குடிக்கக் கொடுத்து டெஸ்ட் எடுத்தாங்க. அம்மாவுக்கு சுகர்னு வந்துருச்சு.

"மாசமா இருக்கும்போது வர்ற சுகர்தான், பொறந்ததும் பெரும்பாலும் போயிடும்"னு டாக்டரம்மா சொன்னப்போ நாங்க யாரும் பெருசா எடுத்துக்கல. சாப்பாட்டைக் குறைச்சாங்க, நடக்கச் சொன்னாங்க, கொஞ்ச நாள் கழிச்சு இன்சுலின் ஊசி போடச் சொன்னாங்க. உள்ளங்கை அளவு ஒரு மீட்டர் வாங்கினோம். விரல்ல குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை அதுல சொருகற பட்டையில வெச்சா நம்பர் வரும். அம்மாவுக்கு ரத்தத்தைப் பாத்தாலே கண்ணு இருட்டிக்கிட்டு வரும். அதனால குத்தறது என் வேலை. காலைல எழுந்ததும் வீட்டுல ஒண்ணு, மத்தியானச் சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் கழிச்சு கடையில ஒண்ணு. நான் ஸ்கூல் விட்டு நேரா அங்க ஓடறது அதுக்குத்தான். நீ நினைச்ச மாதிரி ஓசி பிஸ்கட்டுக்கு இல்ல.

அம்மா என்ன வேலை பாக்குறான்னு நீ பாத்ததில்லல்ல. பேக்கரிக்குப் பின்னாடி ஒரு சின்ன ரூம். ஒருபக்கம் ஓவன், மறுபக்கம் பளிங்கு மேசை. அந்த மேசையில உக்காந்து கல்யாண கேக்குக்கு சர்க்கரை மாவுல ரோஜாப்பூ பண்ணுவா. சர்க்கரைப் பொடிய மேசை மேல தூவி, மாவை ஒட்டாம தேய்ச்சு, ஒவ்வொரு இதழா விரல் நுனியால அழுத்தி மெலிசாக்குவா. கிளவுஸ் போட மாட்டா. போட்டா இதழ் கிழிஞ்சிடும், கைக்குத் தெரிஞ்சாத்தான் பூ வரும்னு சொல்லுவா. முதலாளி, "உங்க பூவைப் பிச்சுத் தின்ன மனசே வரலைன்னு ஜனங்க சொல்றாங்கம்மா, நான் எப்படி பிழைக்கிறது"ன்னு கிண்டல் பண்ணுவார்.

காலை நம்பர் எப்பவும் நல்லா இருக்கும். சாயங்கால நம்பர்தான் எகிறிடும். நூத்தி இருவதுக்குள்ள இருக்கணும்னு சொன்ன இடத்துல இருநூறு, இருநூத்தி நாப்பதுன்னு காட்டும். நான் அப்படியே டாக்டரம்மாவுக்கு ஃபோன்ல அனுப்புவேன். அவங்க மத்தியான ஊசியோட அளவைக் கூட்டினாங்க. அப்பவும் எறங்கல. மறுபடியும் கூட்டினாங்க.

வீட்டுல எல்லார் மனசுலயும் ஒரே சந்தேகம். எங்க அத்தை மட்டும்தான் அதை வாய்விட்டு சொன்னாங்க. அப்பாவோட அக்கா, அடுத்த தெருவுல இருக்காங்க, மனசுல ஒண்ணை வெச்சுக்கிட்டு இருக்கத் தெரியாது.

"ஏம்மா, கேக் கடையில உக்காந்துக்கிட்டு கேக்கே திங்கலன்னு சொல்றியே. தண்ணி டாங்க்குக்குள்ள நின்னுக்கிட்டு கால் நனையலன்னு சொல்ற மாதிரி இருக்கு."

"சத்தியமா ஒரு துணுக்கு வாயில வைக்கல அண்ணி."

"அப்ப நம்பர் என்ன காத்துலயா ஏறுது?"

அம்மா அப்பாவைப் பாத்தா. அப்பா குனிஞ்சு டீயை ஆத்திக்கிட்டிருந்தார். அவர் பால் வண்டி ஓட்டறவர், விடியறதுக்கு முன்னாடியே எழுந்து போறவர், சண்டையில நுழையவே மாட்டார். ஆனா அம்மாவுக்குத் துணையா அவரும் டீயில சர்க்கரை போட்டுக்கறதை விட்டிருந்தார். அம்மாவுக்கு அது இன்னும் வலிச்சுது. "நீங்க ஒருபக்கம் விரதம் இருங்க, நான் ஒருபக்கம் திருடித் தின்றேன். அப்படித்தான நினைக்கிறீங்க"ன்னா. அப்பா டம்ளரை எடுத்துக்கிட்டுக் கழுவப் போயிட்டார்.

நானும் நம்பலடீ. அம்மா குளிக்கப் போனப்போ அவ ஏப்ரன் பாக்கெட்ல கேக் தூள் இருக்கான்னு கைவிட்டுப் பாத்தேன். ஒண்ணும் இல்ல. ஹேர்பின்னும் கொஞ்சம் ரோஸ் கலர் மாவும்தான் இருந்துச்சு.

நான் ஏன் அவ்வளவு பயந்தேன்னா, அதுக்கு முந்தின செக்கப்புல டாக்டரம்மா சொன்னது அப்படி. அத்தை, "புள்ள நல்லா கொழுகொழுன்னு இருக்குமே டாக்டர், சுகர் இருந்தா பெரிய புள்ளையாப் பொறக்கும்னு சொல்றாங்களே"ன்னு பெருமையாக் கேட்டாங்க. டாக்டரம்மா பேனாவை மூடி வெச்சாங்க.

"வெளிய பெருசா இருக்கறதும் உள்ள தயாரா இருக்கறதும் வேற வேறம்மா. அம்மாவோட ரத்தத்துல இருக்கற சர்க்கரை குழந்தைக்குப் போயிடும். ஆனா அம்மாவோட இன்சுலின் போகாது. அதனால குழந்தை தானே இன்சுலின் நிறைய சுரக்கும். அதுல உடம்பு வளரும், நுரையீரல் பின்தங்கும்."

"பின்தங்கும்னா?" இது நான். அதுவரைக்கும் அவங்க என்னைப் பாக்கவே இல்ல.

"நுரையீரலுக்குள்ள குட்டிக் குட்டிப் பைங்க கோடிக்கணக்குல இருக்கும். உள்பக்கம் வழவழன்னு ஒரு பூச்சு இருந்தாத்தான், மூச்சை வெளிய விடும்போது அந்தப் பைங்க சுருங்கி ஒட்டிக்காம இருக்கும். கடைசி வாரங்கள்லதான் அந்தப் பூச்சு நல்லா சேரும். இன்சுலின் அதிகமா இருந்தா அது சேர்றது தள்ளிப்போகும். மாசம் நிறைஞ்ச குழந்தை மாதிரியே தெரியும், ஆனா மூச்சு விட கஷ்டப்படும்."

எனக்கு உடனே கடையில கேக் மூடற பிளாஸ்டிக் கவர் ஞாபகம் வந்துச்சு. ஈரக் கையோட தொட்டுட்டா ரெண்டு பக்கமும் ஒட்டிக்கும், எவ்வளவு ஊதினாலும் திறக்காது. அந்த மாதிரி கோடிப் பைங்க. பொறந்ததும் அழணும்னு வாயத் திறக்கறான், உள்ள எல்லாம் ஒட்டிக்கிடக்கு.

"சுகர் கட்டுக்குள்ள இருந்தா இந்த பயம் பெரும்பாலும் இல்ல"ன்னும் சொன்னாங்க. அதையும் சொல்லணும்ல. ஆனா அதுக்கப்புறம், "இதே மாதிரி ஏறிக்கிட்டே போனா வயித்துலயே வெச்சிருக்கறதும் ஆபத்து. சீக்கிரமே எடுக்க வேண்டி வரலாம். நுரையீரலுக்குன்னு ஒரு ஊசி இருக்கு, ஆனா அதுவே சுகரை ஏத்தும், அட்மிட் பண்ணித்தான் போடணும்"னாங்க. உள்ள வெச்சாலும் பயம், வெளிய எடுத்தாலும் பயம்.

அதுக்கப்புறம் அம்மா சாயங்காலத்துல ஒரு மாதிரி ஆக ஆரம்பிச்சா. கை நடுங்கும், நெத்தியெல்லாம் வேர்க்கும். கேட்டா, "ஓவன் பக்கத்துல உக்காந்தா வேர்க்காம குளிரவா செய்யும்"பா. நானும் விட்டுட்டேன்.

அன்னைக்கு நான் போனப்போ அம்மா மேசையில இல்ல. தரையில, மாவு மூட்டைல சாஞ்சு உக்காந்திருந்தா. ரோஜாத் தட்டு கவுந்து கிடந்துச்சு. புடவையெல்லாம் நனைஞ்சு போயிருந்துச்சு வேர்வையில. "என்னம்மா"ன்னு கேட்டா என்னைப் பாத்து, "ஸ்கூலுக்குப் போகலையா நீ"ன்னு மெதுவா இழுத்துக் கேக்குறா. யூனிஃபார்மோட நிக்கறேன்டீ நான்.

முதலாளி ஓடிப்போய் ஒரு கிளாஸ் ஜூஸ் கொண்டுவந்தார். "குடிங்கம்மா, மயக்கமா இருக்கும்."

"இருங்க"ன்னு சொல்லிட்டு நான் மீட்டரை எடுத்தேன். அதை அம்மா காலைல வீட்டுலருந்து எடுத்துட்டு வந்து மேசை ஓரத்துல ஒரு ஜிப் பைல வெச்சிருப்பா. பைல எறும்பு ஊறிச்சு, தட்டிவிட்டேன். அம்மா விரலை ஸ்பிரிட் பஞ்சால தொடைச்சேன். எப்பவும் தொடைப்பேன், சுத்தமாத்தான் செய்யறேன்னு எனக்குப் பெருமை வேற. குத்தினேன். ரத்தம் வரல, அம்மா பழக்கத்துல இன்னொரு கையால பிதுக்கிவிட்டா. மீட்டர் இருநூத்தி எழுபத்தி நாலுன்னு காட்டுச்சு.

"வேணாம் சார், சுகர் ஏறிக்கிடக்கு"ன்னு ஜூஸைத் தள்ளிவிட்டேன்.

அந்தக் கிளாஸை நான் தள்ளினது இப்பவும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

முதலாளியோட டெலிவரி வண்டியில, கேக் டப்பாவுக்கு நடுவுல அம்மாவைச் சாய்ச்சு வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அம்மா தலை என் தோள்ல கனமா இருந்துச்சு. ஒரு கை வயித்து மேலயே இருந்துச்சு. நான் அந்தக் கை மேல என் கையை வெச்சு, உள்ள இருக்கறவன்கிட்ட, "கொஞ்சம் பொறுத்துக்கோ, அம்மா இனிமே கேக் திங்காம நான் பாத்துக்கறேன்"னு மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டு வந்தேன். பாவி.

அங்க ஒரு நர்ஸ். முன்பல்லுல சந்து, பேசும்போது லேசா விசில் வரும். நான் மனசுக்குள்ள விசில் அக்கான்னு பேர் வெச்சுட்டேன். அம்மாவைப் பாத்ததும், "எவ்வளவு இருந்துச்சு"ன்னாங்க. "இருநூத்தி எழுபத்தி நாலு"ன்னேன். அவங்க புருவம் ஏறிச்சு. அம்மாவோட கழுத்தைத் தொட்டாங்க, சில்லுனு இருந்த வேர்வையப் பாத்தாங்க. பேசிக்கிட்டே முழங்கைப் பக்கம் ஊசி ஏத்தி, அதுல வந்த ரத்தத்தையே அவங்க மீட்டர்ல வெச்சாங்க.

"நாப்பத்தொம்போது"ன்னாங்க. அடுத்த நிமிஷம் அந்த ஊசி வழியாவே குளுக்கோஸ் போயிட்டிருந்துச்சு.

எனக்குப் புரியல. "அக்கா, அது தப்பு. இருநூத்தி—"

"கண்ணு, இவங்களுக்கு சர்க்கரை அதிகமில்ல. அடியோட இறங்கிப்போச்சு. அதான் வேர்வை, அதான் நடுக்கம்."

கொஞ்ச நேரத்துல அம்மா கண்ணைத் திறந்து நல்லாப் பாத்தா. முதல் வார்த்தை என்ன தெரியுமா? "ரோஜாவெல்லாம் ஒடைஞ்சிருச்சா?"

விசில் அக்கா என் மீட்டரை வாங்கினாங்க. முழங்கையில எடுத்த அதே ரத்தத்துல ஒரு சொட்டை அதுலயும் வெச்சுப் பாத்தாங்க. ஐம்பத்தொண்ணு. "மீட்டர் நல்லாத்தான் இருக்கு"ன்னு யோசிச்சாங்க. அப்போ பை ஓரத்துலருந்து ஒரு எறும்பு வெளிய வந்து, அவங்க மேசை மேல ஊர்ந்து போச்சு. பின்னாடியே இன்னொண்ணு. எனக்கு மானம் போச்சு. பைய டபக்குனு எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன்.

அவங்க எறும்பைப் பாத்தாங்க. அப்புறம் அம்மாவோட விரலைத் தூக்கி வெளிச்சத்துல பாத்தாங்க. நக இடுக்கெல்லாம் ரோஸ் கலர்.

"என்ன வேலை பாக்குறீங்கம்மா நீங்க?"

"கேக்குக்கு சர்க்கரைல பூ பண்றேங்க."

"வெறும் கையாலயா?"

"ஆமாங்க."

"குத்தறதுக்கு முன்னாடி சோப்பு போட்டுக் கழுவுவீங்களா?"

நான்தான் முந்திக்கிட்டேன். "ஸ்பிரிட் போட்டுத் தொடைச்சுடுவேன் அக்கா."

விசில் அக்கா சிரிக்காம இருக்க ரொம்ப கஷ்டப்பட்டாங்க. பூ பண்ற கையோட ஒரு விரலை அப்படியே குத்திப் பாத்தாங்க. இருநூத்துக்கு மேல. அப்புறம் ஒரு பேசின்ல வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து அம்மா கையை நல்லாக் கழுவித் தொடைச்சு, பக்கத்து விரலைக் குத்தினாங்க. தொண்ணூறு. ரெண்டுக்கும் நடுவுல அஞ்சு நிமிஷம்கூட ஆகல.

"ஸ்பிரிட் கிருமியத்தான் கொல்லும் கண்ணு, சர்க்கரையக் கழுவாது. ஒரு சொட்டு ரத்தம் எவ்வளவு சின்னது, அதுல ஒரு துளி சர்க்கரைப் பொடி கலந்தா என்ன ஆகும்? இத்தனை நாளா நீ அம்மாவோட ரத்தத்தை அளக்கல. ரோஜாவை அளந்திருக்க."

புரியுதாடீ? காலைல வீட்டுல குளிச்சுட்டு வந்து குத்தும்போது சரியா இருந்துச்சு. சாயங்காலம் கடைல மட்டும் ஏறிச்சு. அம்மா சாப்பிடவே இல்ல. அந்தப் பொய் நம்பரை நம்பி ஊசியக் கூட்டிக்கிட்டே போனதுல, நிஜ சர்க்கரை தினம் சாயங்காலம் கீழ போயிருக்கு.

டாக்டரம்மா வந்தாங்க, எல்லாத்தையும் கேட்டாங்க. கொஞ்ச நேரம் அம்மாவோட பழைய ஸ்கேனையே பாத்துக்கிட்டிருந்தாங்க. "இவ்வளவு சுகருக்கு குழந்தை ஏன் சாதாரண எடையிலயே இருக்குன்னு போன தடவையே தோணுச்சு. நானும் அப்பவே நிறுத்திக் கேட்டிருக்கணும்"னாங்க. என்னைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன், திட்டல. வயித்துல பெல்ட் மாதிரி ஒண்ணைக் கட்டி குழந்தையோட இதயத்துடிப்பைக் கேக்க வெச்சாங்க. டக்கு டக்குன்னு ரயில் மாதிரி ஓடுச்சு.

ரெண்டு நாள் அங்கயே வெச்சுப் பாத்தாங்க. மூணு மாசத்து சராசரி சர்க்கரை என்னன்னு சொல்ற ஒரு டெஸ்டும் எடுத்தாங்க. எல்லாம் அளவா இருந்துச்சு. ஊசியப் பழைய அளவுக்குக் குறைச்சாங்க. அப்பா தயங்கித் தயங்கி, "அப்ப நுரையீரல் டாக்டர்?"னு கேட்டார். இத்தனை நாளா அவர் ராத்திரியில தூங்கலன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

"அம்மாவுக்கு சர்க்கரை இப்படி அளவா இருந்திருந்தா, அது பின்தங்கியிருக்க காரணம் இல்ல. சீக்கிரம் எடுக்க வேண்டிய அவசியமும் இல்ல. மாசம் நிறையட்டும், அதுதான் நுரையீரலுக்கு நல்லது."

அப்பா வெளிய டீக்கடைக்குப் போனார், நானும் கூடப் போனேன். மூணு ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ வாங்கினார். ஒரு வாய் குடிச்சுட்டு மூஞ்சிய சுளிச்சார். "என்னடா இது, பாயாசமா?"ன்னார். ஆனா கடைசி சொட்டு வரைக்கும் குடிச்சார். திரும்பி வந்து அம்மாகிட்ட, "நீ சொன்னப்பவே நம்பியிருக்கணும்"னு சுவத்தைப் பாத்து சொன்னார். அம்மா, "சுவரு மன்னிச்சிருச்சாம். என்கிட்ட தனியா சொல்லுங்க"ன்னா.

அத்தை மன்னிப்பெல்லாம் கேக்கற ஆள் இல்ல. பெரிய பை நிறைய சோப்பு வாங்கிட்டு வந்து, "கடையில ரெண்டு வை, வீட்டுல மீதிய வை"ன்னு வெச்சுட்டுப் போயிட்டாங்க. அம்மா அதைப் பாத்து சிரிச்சா பாரு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு. அவ அப்படி சிரிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. ஏப்ரன் பாக்கெட்டைத் தேடினதை அன்னைக்கே அவகிட்ட சொல்லிட்டேன். "தெரியும்டீ, என் ஹேர்பின்னை எடுத்து இடம் மாத்தி வெச்சவ நீதான"ன்னா.

அப்படி மாசம் நிறைஞ்சு, தானா வலி வந்து, இன்னைக்குக் காலைல தம்பி பொறந்தான்.

நாங்க கதவுக்கு வெளிய நின்னோம். டாக்டரம்மா அவ்வளவு சொல்லியும் எனக்கு அந்த ஒட்டிக்கிட்ட கவர் ஞாபகம் போகவே இல்ல. அப்பா என் கையைப் பிடிச்சிருந்தார். பால் கேன் தூக்கற கை, விரலெல்லாம் நசுங்கிடுச்சு எனக்கு. அப்புறம் உள்ளருந்து ஒரு சத்தம். முதல்ல பூனைக்குட்டி மாதிரி, அப்புறம் கார் ஹாரன் மாதிரி. அத்தை, "உங்கப்பன் வண்டி ஹாரனேதான்"னு சொல்லிட்டு முந்தானையால மூக்கைத் துடைச்சாங்க.

ஆனா முழுசா நிம்மதியா இருக்க விடல அவன். பொறந்து கொஞ்ச நேரத்துல வேகவேகமா மூச்சு வாங்கறான்னு கண்ணாடி ரூமுக்குக் கொண்டுபோயிட்டாங்க. நான் கண்ணாடியில மூஞ்சிய ஒட்டிக்கிட்டு நின்னேன். விசில் அக்காதான் என்னை உள்ள கூட்டிட்டுப் போனாங்க.

"பாரு. நெஞ்சு உள்ள குழியல, முனகல, நெறம் எப்படி இருக்கு பாரு. வயித்துக்குள்ள இருக்கும்போது நுரையீரல்ல தண்ணி இருக்கும், அது வத்தறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கறான். அவ்வளவுதான்."

"அந்தப் பைங்க ஒட்டிக்கலையே?"

"ஒட்டியிருந்தா அந்தக் கத்து கத்துவானா? எங்க டூட்டி ரூம் வரைக்கும் கேட்டுச்சு."

அவன் குதிகால்ல குத்தி சர்க்கரை பாத்தாங்க. அம்மாவுக்கு சுகர்னா புள்ளைக்குப் பொறந்ததும் இறங்குமாம், அதுக்குத்தான். குத்தறதுக்கு முன்னாடி வெதுவெதுன்னு இருந்த தண்ணியால அந்தக் குதிகாலைத் துடைச்சுட்டு என்னைத் திரும்பிப் பாத்தாங்க. "இவன் இன்னும் ரோஜா பண்ண ஆரம்பிக்கல, இருந்தாலும்"னாங்க. நம்பர் சரியா இருந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள மூச்சும் நிதானமாச்சு, அம்மா பக்கத்துலயே கொண்டுவந்து போட்டுட்டாங்க.

இப்ப என் கைக்கு எட்டற தூரத்துல தூங்கறான். மூச்சு விட்டுக்கிட்டே இருக்கறவன் திடீர்னு ஒரு நொடி நிறுத்திடறான். நானும் நிறுத்திடறேன். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி மறுபடி விடறான். பச்சப்புள்ளைங்க அப்படித்தான்னு விசில் அக்கா சொல்லிட்டுத்தான் போனாங்க. தெரிஞ்சும் பாத்துக்கிட்டே இருக்கேன். இப்பத்தான் அம்மா கண்ணைத் திறக்காமலே, "அவன் மூச்சை அவன் விடுவான், நீ உன் மூச்சை விடுடீ"ன்னா. தூங்கறான்னு நினைச்சேன் அவளை.

வயிறு அழகா ஏறி எறங்குதுடீ. இவ்வளவு சின்ன நெஞ்சுக்குள்ள அத்தனை பையும் ஒண்ணுகூட ஒட்டிக்காம திறந்து மூடுது. நினைச்சா எனக்கு சிரிப்பு வருது, ஏன்னு தெரியல.

நாளைக்கும் ஸ்கூலுக்கு வரல, நோட்ஸ் எடுத்து வை. அம்மா உன்னையும் வந்து பாக்கச் சொன்னா.

இரு, நெளியறான். மூஞ்சி சுருங்குது. ஆரம்பிச்சுட்டான்டீ ஹாரனை, வார்டே எழுந்துக்கும். தூக்கணும். கையைக் கழுவிட்டு வரேன்.